விடுமுறையில் ஒரு மெழுகுவர்த்தி

பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. வீட்டில் பண்டிகைப் பலகாரம் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஒருவர் வந்து, "வாருங்கள், ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் கேட்கலாம்" என்று அழைத்தால் போவீர்களா? "மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு நாள் பேச என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்பீர்கள். ஆனால் 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் நகரத்துச் சிறுவர் சிறுமியர் பலர் அப்படித்தான் போனார்கள். பெரியவர்களும் உடன் போனார்கள்.

அவர்களுக்குப் பாடம் சொன்னவர், காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831-இல் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே. மின்நிலையங்களில் சுழலும் மின்னாக்கிகள் அனைத்தும் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தவையே. 1860-இல் அவருக்கு வயது 69. நினைவாற்றல் தளர்ந்திருந்தது. அந்த நிலையிலும் அவர் மெழுகு, திரி, உப்பு, சர்க்கரை, உலர்திராட்சை ஆகியவற்றை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகளின் முன் நின்றார். வீட்டுப் பொருள்களை வைத்து அவர் காட்டியது வெறும் வேடிக்கையா, விஞ்ஞானமா? பார்ப்போம்.

சீட்டுக் கிடைத்த சிறுவன்

லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனம் 1799-இல் நிறுவப்பட்டது. 1825-இல் அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி, இளைஞர்களுக்கென்று ஒரு சொற்பொழிவு வரிசை தொடங்கியது. முதல் ஆண்டில் பேசியவர் ஜான் மில்லிங்டன். ஃபாரடே தம் முதல் வரிசையை 1827-இல் நிகழ்த்தினார். அன்று முதல் 1860 வரை மொத்தம் 19 முறை அந்தப் பொறுப்பை ஏற்றார்.

அந்த மண்டபத்தில் இடம் கிடைப்பது எளிதன்று. நுழைவுச்சீட்டு வேண்டும், சீட்டுக்குப் பணம் வேண்டும். இது ஃபாரடேக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு கருமானின் மகன். எழுதப் படிக்கக் கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 14 வயதில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் கட்டிய புத்தகங்களை ஓய்வு நேரத்தில் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் அவருடைய கையில் அப்படித்தான் கிடைத்தது. அதில் சொல்லியிருப்பதை அப்படியே நம்பிவிடாமல், தம்மிடமிருந்த சொற்பக் காசுக்கு வாங்க முடிந்த பொருள்களைக் கொண்டு சிறு சிறு சோதனைகள் செய்து சரிபார்த்தார்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு அவருக்குச் சீட்டுக் கொடுத்தார். ஃபாரடே கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தாமே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். ஒரு சீட்டு ஒரு மனிதனின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. சீட்டுக் கிடைக்காத பிள்ளைகளின் கதி என்ன? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

தட்டில் ஆடிய தீ

அந்நாளில் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் இரவன்று ஒரு விளையாட்டு ஆடுவார்கள். அகன்ற தட்டில் உலர்திராட்சையைப் போட்டுப் பிராந்தியை ஊற்றுவார்கள். விளக்குகளைத் தணித்துவிட்டுத் தட்டில் தீ மூட்டுவார்கள். நீலச் சுடர் தட்டெங்கும் துள்ளும். அதற்குள் கைவிட்டுத் திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்னாப்டிராகன் என்பது அந்த விளையாட்டின் பெயர். மண்டபத்தில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அது தெரிந்த விளையாட்டு.

ஃபாரடே அதையே மேசைமேல் செய்து காட்டினார். தட்டுத்தான் கிண்ணம், எரிசாராயம்தான் எரிபொருள், அதில் கிடக்கும் திராட்சைகள் திரியின் வேலையைச் செய்கின்றன. அப்படியானால் தட்டு முழுவதும் ஒரே சுடராக எரியாமல், நாக்கு நாக்காகத் தீ எழுவானேன்? தட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும் காற்று சீராக வருவதில்லை. அந்த ஒழுங்கற்ற காற்றோட்டமே ஒரு பெரிய சுடரைப் பல சிறு சுடர்களாகப் பிரித்துவிடுகிறது. முந்தின நாள் வரை விளையாட்டாக இருந்தது, காற்றுக்கும் சுடருக்கும் உள்ள உறவைக் காட்டும் பாடமாகிவிட்டது. (இந்த ஒன்றை மட்டும் நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எரியும் சாராயம் சிந்தினால் பெரும் விபத்து நேரும்.)

உப்புக் குன்றில் ஏறிய நீர்

மெழுகுவர்த்தியை ஏற்றி, உற்றுப் பாருங்கள். சுடருக்குக் கீழே உருகிய மெழுகு சிறு குளம்போல் நிற்கிறது; குளத்தைச் சுற்றிக் கரை இருக்கிறது. அந்தக் கரையைக் கட்டியது யார்? சுடரின் சூட்டினால் காற்று மேலெழுகிறது. அதன் இடத்துக்குப் பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அது மெழுகின் வெளி விளிம்பைக் குளிர்வித்து உருகாமல் காக்கிறது. ஒரு பக்கமாகக் காற்று அடித்தால் கரை உடைந்து மெழுகு வழிந்துவிடும். செதுக்கு வேலைப்பாட்டுடன் அழகாகச் செய்த மெழுகுவர்த்திகள் சரியாக எரிவதில்லை. அவற்றின் விளிம்பு ஒரே சீராக இல்லாததே காரணம். பார்வைக்கு அழகானதைவிட வேலைக்கு உகந்ததே நல்லது என்று ஃபாரடே இதிலிருந்து எடுத்துக்காட்டினார்.

உருகிய மெழுகு திரிவழியே மேலே ஏறுவது எப்படி? ஒரு தட்டில் உப்பைக் குன்றுபோலக் குவித்தார் ஃபாரடே. அதன் அடியில் நீல நிறமூட்டிய நீரை ஊற்றினார். அது வெறும் நீர் அன்று. இனிமேல் உப்புக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து வைத்த நீர். அதனால் குன்று கரையவில்லை. நீல நிறம் மட்டும் உப்புத் துகள்களின் இடைவெளிகள் வழியே மெல்ல மெல்ல உச்சியை நோக்கி ஏறியது. நுண்ணிய இடைவெளிகளில் திரவம் இவ்வாறு ஏறுவதைத்தான் உங்கள் பாடநூல் தந்துகிக் கவர்ச்சி என்கிறது. உப்புக் குன்றை மெழுகுவர்த்தியாகவும் நீல நீரை உருகிய மெழுகாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கைகழுவிவிட்டுத் துண்டின் ஒரு நுனியைத் தொட்டிநீரில் விட்டு, மறுநுனியை வெளியே தொங்கவிட்டால், சற்று நேரத்தில் தரை ஈரமாவதும் இதனால்தான் என்று பிள்ளைகளுக்கு அவர் நினைவூட்டினார். இதைப் பார்க்காத வீடு எது?

புகையைப் பற்றவைக்கலாமா?

இப்போது அம்மா அல்லது அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு, நன்றாக எரியும் மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும். திரியைத் தொடாமல், ஓரிரு அங்குல உயரத்தில் அந்தப் புகைக்குள் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகைவழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும்! காற்றோட்டம் இல்லாத இடமாக இருக்க வேண்டும். கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மெழுகுவர்த்தியில் எரிவது திடமான மெழுகு அன்று. உருகிய மெழுகும் அன்று. மெழுகின் ஆவியே எரிகிறது. இதை ஃபாரடே இன்னொரு வழியிலும் மெய்ப்பித்தார். சுடரின் நடுவே இருண்ட பகுதி ஒன்று உண்டு. வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை அங்கே வைத்து, மறுமுனை வழியே ஆவியை வெளியே கொண்டுவந்து, அதையும் எரித்துக் காட்டினார்.

ஒரு தாளைச் சுடருக்குக் குறுக்கே ஒரு கணம் பிடித்து எடுத்தபோது, அதில் வளையமாகக் கருகல் விழுந்தது, நடுப்பகுதி கருகவில்லை. சுடரில் சூடு மிகுந்த இடம் அதன் நடு அன்று, காற்றும் ஆவியும் சந்திக்கும் வெளிப்புறமே என்பதற்கு இந்தத் தாளே சாட்சி.

நெருப்பிலிருந்து நீர்

பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய ஒரு பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடித்தார் ஃபாரடே. பாத்திரத்தின் அடியில் நீர்த்துளி திரண்டது. அது நீர்தானா என்று சோதிக்க, பொட்டாசியம் துண்டு ஒன்றை அதில் இட்டார். உடனே ஊதா நிறச் சுடர் எழுந்தது. மெழுகில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது. நெருப்பே நீரைப் பெற்றெடுக்கிறது!

கடைசிச் சொற்பொழிவில் சர்க்கரை மேடையேறியது. கெட்டியான சர்க்கரைப் பாகின்மேல் அடர் கந்தக அமிலத்தை ஊற்றினார். பாகு கறுத்தது, கரி திரண்டு வந்தது. நாம் தின்னும் இனிப்புக்குள் கரி ஒளிந்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். அமிலம் ஆபத்தானது, அதைத் தொட வேண்டாம். பெரியவர்கள் துணையுடன் ஒரு பழைய கரண்டியில் சிறிது சர்க்கரையை அடுப்பில் காட்டுங்கள். முதலில் உருகும், பிறகு பழுப்பாகும், ஆவி போகும், கடைசியில் கரி மிஞ்சும். அதே உண்மையை அமிலம் இல்லாமலே பார்த்துவிடலாம்.

சர்க்கரையில் கரி இருந்தால் நமக்கென்ன? அதை உண்பது நாம் அல்லவா? நாம் சுவாசிக்கும்போது உள்ளே போகும் ஆக்சிஜன், உணவில் உள்ள கரியுடன் சேர்ந்து கார்பன்-டை-ஆக்சைடாக வெளியேறுகிறது. ஒரு மனிதன் 24 மணி நேரத்தில் வெளியிடும் கார்பன்-டை-ஆக்சைடில் 7 அவுன்ஸ், அதாவது சுமார் 200 கிராம், கரி இருக்கும் என்று ஃபாரடே கணக்குச் சொன்னார். மெழுகுவர்த்தியில் நடப்பதும் நம் உடலில் நடப்பதும் அடிப்படையில் ஒரே வேதிவினை. ஒன்று சுடராக நிகழ்கிறது, மற்றொன்று சுடரில்லாமல் மெல்ல நிகழ்கிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல்வழியே ஊதி அது பால்போல் மாறுவதை அவர் காட்டினார். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, தெளிநீரை மட்டும் வடித்து நீங்களும் இதைச் செய்யலாம். மெதுவாக ஊதுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள், கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே

இப்போது நம் பழைய கேள்விக்கு வருவோம். சீட்டுக் கிடைக்காத பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மெழுகுவர்த்தியைப் பற்றி ஃபாரடே 1848-இலும் ஒரு முறை பேசியிருந்தார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் அந்தக் குறிப்புகளைத் தரும்படி அவருக்குக் கடிதம் எழுதினார். ஃபாரடே தயங்காமல் கொடுத்தார். டிக்கன்ஸ் நடத்திய ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் என்ற வார இதழின் விலை இரண்டே பென்னி. சொற்பொழிவு கேட்டு வந்த ஒரு சிறுவன் அதைத் தன் மாமாவுக்கு விளக்கிச் சொல்வதுபோல் அமைந்த கட்டுரை அதே ஆண்டில் அவ்விதழில் வெளிவந்தது. பாடம் மண்டபத்தைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது.

1860–61 சொற்பொழிவுகளை வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861-இல் நூலாக்கினார். தாலியம் என்ற தனிமத்தை அதே ஆண்டில் கண்டறிந்தவர் இவர். ஃபாரடேயின் கடைசிக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் அவையே. இனி இயலாது என்று 1861-இல் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார், 1867-இல் மறைந்தார். புத்தகமோ மொழி விட்டு மொழி பயணம் செய்தது.

முதல் சொற்பொழிவில் ஃபாரடே பலவகை மெழுகுகளைக் காட்டினார். அவற்றுள் ஒன்று, நண்பர் ஒருவர் அனுப்பிய ஜப்பானிய மெழுகு. வெளியுலகத்தோடு ஜப்பான் வாணிபம் தொடங்கியிருந்த காலம் அது. சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஜப்பானில், தொடக்கப் பள்ளி மாணவன் ஒருவனிடம் இந்த மெழுகுவர்த்திப் புத்தகத்தைப் படிக்கும்படி ஆசிரியர் கூறினார். வேதியியலில் தமக்கு ஆர்வம் பிறந்தது அப்போதுதான் என்று பிற்காலத்தில் அந்த மாணவர் சொன்னார். அவர் பெயர் அகிரா யோஷினோ. லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியதற்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர். கைப்பேசிக்குள் இருக்கும் மின்கலம் இந்த வகையைச் சேர்ந்ததே.

ராயல் இன்ஸ்டிட்யூஷனின் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள், இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1939 முதல் 1942 வரை நின்றதைத் தவிர, தொடர்ந்து நடந்துவருகின்றன. 1966 முதல் அவை தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகின்றன. ஆனால் அந்த மெழுகுவர்த்தியைக் காண மண்டபமும் வேண்டாம், தொலைக்காட்சியும் வேண்டாம். உப்பு உங்கள் சமையலறையில் இருக்கிறது. சர்க்கரையும் சுண்ணாம்பும் இருக்கின்றன. மெழுகுவர்த்தியைப் பெட்டிக்கடையில் வாங்கலாம். புகை ஏன் பற்றியது, உப்புக் குன்றில் நீர் ஏன் ஏறியது என்று உங்கள் தம்பியோ தங்கையோ கேட்டால், விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். இன்னொரு முறை செய்து காட்டுங்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.