மரவட்டை ஆய்வும் மாணாக்கர் மரபும்

மழை ஓய்ந்த காலைப்பொழுதில் இரப்பர் மரத்தடியிலும் பள்ளி வேலியோரத்திலும் ஊர்ந்து செல்லும் மரவட்டையைக் குச்சியால் தொட்டுச் சுருளச் செய்யாத சிறுவர் மலேசிய மண்ணில் அரியர். ஆயினும் அச்சிற்றுயிர் இன்ன இனத்தது என்று உறுதியாகக் கூறவல்லார், உலகெங்கும் தேடினும் மிகச் சிலரே ஆவர். அறிஞர் தொகை இவ்வாறு அருகியது எங்ஙனம், அதனைப் பெருக்க எடுத்த முயற்சி யாது என்பது கற்பிக்கும் பணியில் உள்ளோர் அறியத்தக்க வரலாறாகும்.

1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் விலங்குகளை வகைப்படுத்தியபோது, மரவட்டைகளுக்கு ‘யூலஸ்’ என்று பெயரிட்டுச் சிறகற்ற பூச்சிகளோடு சேர்த்துவிட்டார். சிலந்தியும் நண்டும் பூரானும் அதே கூட்டத்தில்தான் இருந்தன. 1844இல் பிரான்சு நாட்டில் ‘டிப்ளோபோடா’, அஃதாவது இரட்டைக்காலிகள், என்னும் பெயர் அச்சேறிற்று. உடல் வளையங்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டு இணைக் கால்களைத் தாங்கியிருத்தலால் வந்த பெயர் அது. ஐரோப்பியர் பேச்சு வழக்கிலோ ‘ஆயிரங்காலி’ என்பதே பெயர். உண்மையிலேயே ஆயிரம் கால் உடைய ஒன்றை 2021 வரை எவரும் அறிவித்ததில்லை என்பது நகைப்பிற்குரியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 60 மீட்டர் ஆழத் துளையொன்றிலிருந்து கிடைத்த சிற்றுயிர் 1,306 கால்களோடு அவ்வாண்டில்தான் அப்பெயரைக் காப்பாற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியும் இத்துறையின் பெருங்காலம் எனலாம். வியன்னாவில் ஆட்டெம்ஸ், செருமனியில் வெர்கோஃப், பிரான்சில் புரோல்மன், இத்தாலியில் சில்வெஸ்திரி, அமெரிக்காவில் குக், சேம்பர்லின் என ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அறிஞர் அமர்ந்து பெயர் சூட்டினார். இந்திய நாட்டு மரவட்டைகளைப் பற்றி ஆட்டெம்ஸ் எழுதிய பெருநூல் 1936இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியக வெளியீடாக வந்தது. ஆனால் வேகம் மிகுந்த இடத்தில் செம்மை குறைதல் இயல்பு. சேம்பர்லினின் விளக்கங்கள் பல மிகச் சுருங்கியவை. பின்வந்தோர் அவர் கண்ட மூல உடலையே மீண்டும் தேடிப் பார்த்தாலன்றிப் பொருள் விளங்காதவை. பெயர்கள் பெருகின, பெயருக்கு உரியது எது என்னும் தெளிவு அவற்றோடு பெருகவில்லை.

இத்துறை ஏன் இத்துணைக் கடினமாயிற்று? புறத்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் மிகப் பல. அவற்றைப் பிரித்தறியப் பெரும்பாலும் உதவுவது, வளர்ந்த ஆணின் ஏழாம் வளையத்தில், நடப்பதற்கன்றி இனப்பெருக்கத்திற்கென உருமாறிய சிறு கால்களே. அவற்றை நுண்ணிய இடுக்கியால் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின்கீழ் வைத்து, வளைவும் முள்ளும் தவறாமல் வரைய வேண்டும். பெண்ணோ குஞ்சோ கிடைத்தால் பெயரறியாமலே விட்டுவிட நேர்வதும் உண்டு. இக்கைத்திறனை நூலில் படித்து மட்டும் பெறவியலாது. நாதசுரம் பயில்வான் குருவின் விரலைப் பார்த்துப் பயில்வது போல, அறிந்தவர் அருகில் அமர்ந்தே பெறல் வேண்டும்.

அருகில் அமர்வோர்தாம் இல்லாது போயினர். மூலக்கூறு உயிரியல் வளர வளர, பல்கலைக்கழகங்களின் பொருளும் பதவியும் அப்பக்கம் சென்றன. 1967இல் சேம்பர்லின் மறைந்தார், 1976இல் லூமிஸ், 1979இல் நெல் காசி என்னும் அம்மையார். எஞ்சியோருள் தலைசிறந்தவர் வர்ஜீனியா மாநிலத்து ரிச்சர்டு ஹாஃப்மன். முப்பத்தோராம் வயதில், எழுபத்தொன்பது வயதுச் சேம்பர்லினோடு இணைந்து, வட அமெரிக்க மரவட்டைகளின் பட்டியலை 1958இல் வெளியிட்டவர் அவர். நெதர்லாந்து நாட்டு யேக்கல் 1758 முதல் 1957 வரை தோன்றிய பேரின, குடும்பப் பெயர்களை எல்லாம் 1971இல் ஒரே நூலில் திரட்டித் தந்தார். அடுத்து, உலக மரவட்டைகள் அனைத்தையும் வரிசைப்படுத்திய ஹாஃப்மனின் நூல் 1980இல் ஜெனீவாவிலிருந்து வந்தது. இன்றுவரை பெயர் பெற்றவை ஏறத்தாழ 12,000 இனங்கள். மொத்தம் 80,000 வரை இருக்கக்கூடும் என்பது ஹாஃப்மனின் மதிப்பீடு. இத்துணைப் பெரும்பணியை முடிப்பதற்குரிய முனைவர் பட்ட மாணாக்கர் கூட்டம் அவரைச் சூழவில்லை. அவர் கற்பித்த ராட்ஃபோர்டு அதற்குரிய பெரும் பல்கலைக்கழகம் அன்று. அக்கால மரவட்டை அறிஞர் பலர் சிறு கல்லூரிகளிலும் அருங்காட்சியகங்களிலுமே பணிபுரிந்தனர். ஆசிரியர் இருந்தும் வகுப்பு இல்லாத நிலை அது.

இக்குறையை உணர்ந்த அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, 1990களின் நடுவில் ஒரு திட்டம் வகுத்தது. புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குழு ஒன்றைப் பற்றி முழுமையான ஆய்வு நூல் எழுதுவதோடு புதிய வகைப்பாட்டாளரையும் உருவாக்கல் வேண்டும். கண்டறிந்தவற்றைக் கணினி வழி எவரும் காணவும் தருதல் வேண்டும். பொருளுதவிக்கு விதித்த நிபந்தனைகள் இவை. ஆய்வாளர் ஒருவர் மாணாக்கரைத் தயாரித்தலைத் தம் விருப்பத்திற்கு விடாமல் கடமையாக்கியதே இத்திட்டத்தின் சிறப்பு. மரவட்டைக்கென அவ்வுதவியைப் பெற்றவர்கள் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துப் பெத்ரா சியர்வால்டு, வர்ஜீனியாவின் சிறு கல்லூரி ஒன்றில் கற்பித்த வில்லியம் ஷியர், ஜேசன் பாண்டு முதலியோர்.

பாண்டின் மாணாக்கர் பால் மாரெக். குக்கும் லூமிஸும் 1928இல் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ வட்டாரத்திலிருந்து அறிவித்துப் பின்னர் எவரும் காணாதிருந்த ‘இல்லாக்மி’ என்னும் 750 கால் உடைய மரவட்டையை, 2005இல் அதே இடத்தில் தேடிக் கண்டார். மறுவாண்டு ‘நேச்சர்’ இதழில் ஆசிரியரும் மாணாக்கரும் இணைந்து அதனை வெளியிட்டனர். 1,306 கால் உடையதைப் பின்னாளில் அறிவித்த குழுவின் தலைவரும் அவரே.

நமக்கு அண்மையிலும் இத்தகைய பயிற்சி நடந்தது. பாங்காக் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் சோம்சாக் பன்ஹா மாணாக்கரைத் திரட்டினார். கோபன்ஹேகனிலிருந்து ஹென்ரிக் எங்காஃப் துணை நின்றார். தாய்லாந்தின் சுண்ணாம்புக் குன்றில் வாழும் செந்நிற ‘நாக மரவட்டை’ 2007இல் அவர்களால் பெயர் பெற்றது. ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சைச் சுரந்து தன்னைக் காப்பது அது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின் அவ்வகை மரவட்டைகள் அனைத்தையும் திருத்தி ஆராய்ந்த பெருங்கட்டுரையில் முதற்பெயராக நின்றது தாய்லாந்து மாணாக்கர் ஒருவரின் பெயர்.

ஹாஃப்மன் 2012இல் மறைந்தார். இறுதிக்காலத்தில் அவர் பணிபுரிந்தது மார்ட்டின்ஸ்வில் நகரில் உள்ள வர்ஜீனியா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். மாரெக் அதே மாநிலத்தில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவரும் அவருடைய மாணாக்கர் ஜாக்சன் மீன்ஸ், டெரெக் ஹென்னன் ஆகியோரும் அப்பலாச்சிய மலைக்காடுகளில் வாழும் ‘நன்னேரியா’ என்னும் ஒரே பேரினத்தில் 2021இல் 35 புதிய இனங்களையும் 2022இல் 17 இனங்களையும் பெயரிட்டனர். மீன்ஸ் பின்னர் மார்ட்டின்ஸ்வில் சென்று, ஹாஃப்மன் சேர்த்துவைத்த குப்பிகள் நிறைந்த அதே அருங்காட்சியகத்தில் பணியேற்றார்.