அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்கள்: விதிகள் வந்த வழி

அமெரிக்காவில் முதுமையும் நோயும் வறுமையும் ஒருசேர வந்தவர்களுக்கு 1930-கள் வரை கடைசிப் புகலிடம் உள்ளூர் நிர்வாகங்கள் நடத்திய ஏழை விடுதிகள்தான். மனநோயாளிகள், ஊனமுற்றோர், குடிநோயாளிகள், ஆதரவற்ற முதியோர் என எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்துவைத்த அந்த விடுதிகளை ஒழிக்க வேண்டும் என்ற வேகம், 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதியவர்களிடம் இருந்தது. பொது விடுதியில் தங்கியிருப்பவருக்கு முதியோர் உதவித்தொகை கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் எழுந்து நடக்க முடியாத முதியவருக்கு ஆள்துணை வேண்டும் என்ற நிலை மாறவில்லையே! கையில் மாதாமாதம் கொஞ்சம் பணம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இப்படிப்பட்டவர்களை நம்பித் தனியார் இல்லங்கள் முளைத்தன. பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த செவிலியர்களும், பெரிய வீடு வைத்திருந்தவர்களும் அறைகளை ஒதுக்கி முதியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று பெரும் வணிகமாக வளர்ந்து நிற்கும் ஒரு தொழில் அப்படித்தான் தொடங்கியது.

இந்த இல்லங்களுக்கு உரிமம் வழங்கும் ஏற்பாட்டை மாநிலங்கள் செய்ய வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. உரிமம் பெற என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. 1954-இல் மருத்துவமனைகள் கட்ட நிதி தரும் ஹில்-பர்ட்டன் திட்டம் லாப நோக்கமற்ற பராமரிப்பு இல்லங்களுக்கும் விரிந்தது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்த திட்டம் என்பதால் அதன் விதிகளும் கட்டடத்தைப் பற்றியவையாகவே இருந்தன. முதியவர் தங்கும் வீடு மருத்துவமனை வார்டின் சாயலைப் பெற்றது இந்தக் காலத்தில்தான்.

அந்தக் கட்டட விதிகளிலும் பலவற்றுக்கு உயிர்கள் விலையாயின. 1957 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மிசூரி மாநிலத்தின் வாரன்டன் ஊரில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் இயங்கிவந்த கேட்டி ஜேன் இல்லத்தில் தீப்பிடித்தது. தீ எச்சரிக்கை மணி இல்லை, தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. தாமாக எழுந்து நடக்க முடியாத பலரை மாடியில் தங்கவைத்திருந்தார்கள். 72 பேர் இறந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து ஒஹையோவின் ஃபிட்ச்வில்லில் கோல்டன் ஏஜ் இல்லம் எரிந்து 63 பேர் மாண்டார்கள். அது 1963 நவம்பர் 23, அதிபர் கென்னடி டாலஸ் நகரில் சுடப்பட்டதற்கு மறுநாள். நாடே டாலஸைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் இந்தச் சாவுகள் அதிகக் கவனம் பெறவில்லை. 1970 ஜனவரியில் அதே ஒஹையோவின் மாரியெட்டாவில் நடந்த விபத்து வேறு விதமானது. கட்டடம் புதியது, எளிதில் எரியாதது. குப்பைக்கூடையில் பற்றிய நெருப்பு, ரப்பர் நுரை அடித்தளம் கொண்ட தரைவிரிப்புக்குத் தாவியது. அதிலிருந்து கிளம்பிய கரும்புகையில் மூச்சுமுட்டி 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவர் நெருப்பைத் தாங்கினால் போதாது, உள்ளே கிடக்கும் பொருளும் சோதிக்கப்பட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கிடையே 1965-இல் மெடிகேர், மெடிகெய்ட் என்ற இரு திட்டங்கள் வந்தன. முன்னது 65 வயதைக் கடந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு, பின்னது ஏழைகளுக்கானது. மத்திய அரசின் பணம் இல்லங்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. பணம் தருகிற அரசு தரத்தையும் கேட்டது. ஆனால் மெடிகேரில் சேர விண்ணப்பித்த ஆயிரக்கணக்கான இல்லங்களில், விதிகளை முழுமையாக நிறைவேற்றியவை சில நூறுதான். மற்றவற்றை ஒதுக்கினால் முதியவர்களுக்குப் படுக்கை கிடைக்காது. எனவே ‘கணிசமான அளவு இணக்கம்’ என்று புதிதாக ஒரு நிலையை உருவாக்கி, தேறாத இல்லங்களையும் அதிகாரிகள் உள்ளே விட்டார்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொன்ன அந்தச் சலுகை, விதியை மீறினாலும் பணம் வரும் என்ற பாடத்தை இல்லங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. பிற்காலக் கேடுகள் பலவற்றின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

யூட்டா மாநிலத்தின் செனட்டர் ஃபிராங்க் மாஸ் பல ஆண்டுகள் விசாரணைக் கூட்டங்கள் நடத்தி, 1967-இல் மெடிகெய்ட் இல்லங்களுக்கான திருத்தங்களைக் கொண்டுவந்தார். தீப்பாதுகாப்பு நெறிமுறை கட்டாயமானது அதன் மூலம்தான். 1971-இல் அதிபர் நிக்சன் அறிவித்த திட்டத்திலிருந்து, இல்லவாசிகளின் புகாரைக் கேட்கும் குறைதீர்ப்பாளர் முறை பிறந்தது. 1978-இல் எல்லா மாநிலங்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், இல்லங்களைச் சோதிக்கப் போன ஆய்வாளர்கள் எதைப் பார்த்தார்கள்? கொலராடோ மாநிலத்து இல்லவாசிகள் 1975-இல் தொடுத்த வழக்கில் இதற்கு விடை கிடைத்தது. ஆய்வுக்குப் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய அரசுப் படிவத்தில் 541 கேள்விகள் இருந்தன. அவற்றில் நோயாளியின் பராமரிப்போடு ஓரளவேனும் தொடர்புடையவை, அல்லது நோயாளியை நேரில் பார்க்க வேண்டியவை, வெறும் 30. மற்றவை ஏடுகளையும் ஏற்பாடுகளையும் பற்றியவை. கையேடு எழுதி வைத்திருக்கிறார்களா, குழு கூடியதற்குப் பதிவு உண்டா என்றெல்லாம் பார்த்துவிட்டு ஆய்வாளர் கிளம்பிவிடலாம். அடுத்த அறையில் ஒருவர் முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு கிடந்தாலும் படிவம் சுத்தமாக இருக்கும். நல்ல பராமரிப்பு தர ஓர் இல்லத்துக்கு வசதி உண்டா என்று பார்த்தால் போதாது. அது உண்மையிலேயே கிடைக்கிறதா என்று அறியும் முறையை வகுப்பது அரசின் கடமை என்று 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை வந்த சட்டங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு தீர்ப்பு விஷயத்தின் மையத்தைத் தொட்டது.

அதே நேரத்தில் வேறொரு பக்கம் காற்று எதிராக வீசியது. அதிபர் ரீகனின் அரசு 1982-இல் இல்லங்களுக்கான விதிகளைத் தளர்த்த முனைந்தது. எதிர்ப்பு கிளம்பவே, நாடாளுமன்றம் தலையிட்டு, மருத்துவக் கழகம் (Institute of Medicine) என்ற அமைப்பின் ஆய்வுக்கு வழிசெய்தது. அந்த ஆய்வுக்குழுவின் தலைவர் டாக்டர் சிட்னி காட்ஸ். குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், உண்ணுதல் போன்ற அன்றாடச் செயல்களைக் கொண்டு ஒருவரின் இயலுமையை அளக்கும் முறையை வகுத்தவர் அவர். இல்லச் சீர்திருத்தத்துக்காக 1975-இல் எல்மா ஹோல்டர் தொடங்கிய மக்கள் கூட்டமைப்பு, 15 நகரங்களில் 400-க்கும் மேற்பட்ட இல்லவாசிகளிடமே நேரடியாகக் கேட்டு 1985-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்களைக் கவனிக்கும் ஊழியர்களைப் பற்றியும், உணவைப் பற்றியும், தங்கள் விருப்பத்துக்கு இடம் இருக்கிறதா என்பதைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள். தரம் என்றால் என்ன என்று அந்தத் தரத்தை அனுபவிக்கிறவர்களையே கேட்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

மருத்துவக் கழகத்தின் அறிக்கை 1986-இல் வந்தது. 1987 டிசம்பர் 22 அன்று, வரவுசெலவுச் சட்டம் ஒன்றின் பகுதியாக, இல்லச் சீர்திருத்தச் சட்டத்தில் ரீகனே கையெழுத்திட்டார். ஒவ்வொருவரும் உடலாலும் மனத்தாலும் எட்டக்கூடிய மிக உயர்ந்த நலத்தை அடைய இல்லம் உதவ வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாடு முழுவதும் ஒரே மதிப்பீட்டுப் படிவத்தைக் கொண்டு ஒவ்வொருவரின் நிலையையும் குறிக்க வேண்டும். 24 மணி நேரமும் உரிமம் பெற்ற செவிலியரும், வாரத்தின் ஏழு நாளும் நாளுக்கு 8 மணி நேரம் பதிவுபெற்ற செவிலியரும் பணியில் இருக்க வேண்டும். செவிலியர் உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. ஆய்வு முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும். ஆய்வாளர் இல்லவாசியோடு பேசியாக வேண்டும்.

சட்டத்தின் பயன் கண்ணுக்குத் தெரிந்தது கட்டிவைக்கும் வழக்கத்தில். தடுமாறி விழுந்துவிடுவார்கள் என்று சொல்லி முதியவர்களை நாற்காலியோடும் கட்டிலோடும் பட்டையால் பிணைப்பது அதுவரை சாதாரணம். கையில்லாத மேலாடை ஒன்றை மாட்டி, அதன் நாடாக்களை நாற்காலிக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில் முடிந்துவிடுவார்கள். 1980-களின் இறுதியில் ஐந்தில் இருவர் இப்படிக் கட்டப்பட்டிருந்தார்கள். கட்டுண்டவர்களின் தசை இளைத்தது, மூட்டு இறுகியது, புண் வந்தது. நழுவியபோது பட்டை கழுத்தை நெரித்துச் செத்தவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் நடத்திய கெண்டல் இல்லம் 1973-இல் திறந்த நாளிலிருந்தே யாரையும் கட்டவில்லை. கட்டாமலும் முடியும் என்பதற்கு அது நேரடிச் சான்று. கட்டுவதால் காயங்கள் குறைவதில்லை என்று மருத்துவர் மேரி டினெட்டியின் ஆய்வு 1992-இல் காட்டியது. ஒழுங்குபடுத்தவோ ஊழியரின் வசதிக்காகவோ யாரையும் கட்டக்கூடாது என்ற விதி 1990 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், கட்டப்பட்டோரின் விகிதம் சில ஆண்டுகளில் பாதியானது. இன்று நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. ஆனால் பட்டை போன இடத்தில் சில இல்லங்களில் மயக்க மாத்திரை வந்து உட்கார்ந்தது. மனநோய் மருந்துகளின் பயன்பாட்டைக் கண்காணிக்கும் தனி முயற்சி பின்னர் தேவைப்பட்டது அதனால்தான்.

ஸ்பிரிங்க்ளர் விவகாரம் இன்னும் மெதுவாக நகர்ந்தது. புதிய கட்டடங்களுக்குக் கட்டாயமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பழையவை தப்பித்துக்கொண்டிருந்தன. 2003-இல் ஹார்ட்ஃபோர்டிலும் நாஷ்வில்லிலும் நடந்த இரு தீவிபத்துகளுக்குப் பின்னரே அரசு அசைந்தது. எல்லா இல்லங்களிலும் பொருத்த 2013 ஆகஸ்ட் வரை கெடு தரப்பட்டது. வாரன்டன் இல்லம் எரிந்து அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊழியர் எண்ணிக்கைப் பிரச்சினை மட்டும் தீராமலே நின்றது. 1987 சட்டம் செவிலியர் உதவியாளர் எத்தனை பேர் என்று சொல்லாமல், தேவைகளை நிறைவேற்றப் போதுமான ஆள்கள் என்று விட்டுவிட்டது. கொரோனா காலத்தில் இல்லவாசிகளும் ஊழியர்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது அதன் விலை தெரிந்தது. ஓர் இல்லவாசிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3.48 மணி நேரப் பராமரிப்பு, எந்நேரமும் ஒரு பதிவுபெற்ற செவிலியர் என்று 2024-இல் அரசு விதி வகுத்தது. ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று இல்ல உரிமையாளர்களின் சங்கங்கள் வழக்குப் போட்டன. அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று டெக்சஸில் உள்ள மத்திய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அந்த விதியை ரத்து செய்தது.