சந்திரநாகூர்: கொல்கத்தா புறநகரில் ஒரு பிரெஞ்சு நகரம், அதன் வரலாறும் அமைப்பும்

பெங்களூரு: பிரெஞ்சிந்தியா என்றதும் தமிழர்களின் நினைவுக்கு வருபவை புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு ஊர்கள். இவை இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசமாக ஒன்றிணைந்துள்ளன. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவில் ஆண்ட பகுதிகள் ஐந்து. ஐந்தாவது ஊரான சந்திரநாகூர், மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் சந்தன்நகர் என்ற பெயரில் கொல்கத்தாவின் புறநகர் மாநகராட்சியாக விளங்குகிறது. ஒரே கொடியின் கீழ் இருந்த ஊர்களில் இது மட்டும் ஏன் தனி வழியில் சென்றது என்ற கேள்விக்கான விடை, அந்நகரின் வரலாற்றிலும் எல்லைக் கோட்டிலும் அடங்கியுள்ளது.

அமைவிடம்

கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இந்நகர் அமைந்துள்ளது. இவ்விடத்தில் ஆறு பிறை போல் வளைந்து செல்வதால் 'சந்திர நகர்' என்ற பெயர் ஏற்பட்டதாகக் கூறுவர். சந்தன மர வணிகத்தால் வந்த பெயர் என்றும், சண்டி தேவியின் கோயிலால் வந்த பெயர் என்றும் வேறு விளக்கங்களும் உண்டு.

இதே மேற்குக் கரையில் சில மைல் இடைவெளிகளில் ஐரோப்பியர் பலர் குடியேறினர். ஹூக்ளியிலும் பண்டேலிலும் போர்ச்சுகீசியரும், சின்சுராவில் டச்சுக்காரரும், செராம்பூரில் டேனிஷ்காரரும் வணிகம் செய்தனர். சின்சுரா 1825ஆம் ஆண்டிலும், செராம்பூர் 1845ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் வசமாயின. சந்திரநாகூரில் மட்டும் நாடு விடுதலை பெற்ற பின்னரும் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

தொடக்கமும் வளர்ச்சியும்

1673ஆம் ஆண்டில் பிரெஞ்சு வணிகர்கள் இங்கு முதன்முதலில் நிலம் பெற்றனர். 1688ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசின் அனுமதியுடன் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலையாகக் காலூன்றியது. போரோகிஷன்பூர், கலிசானி, கோண்டல்பாரா ஆகிய மூன்று சிற்றூர்களின் நிலமே நகரின் அடித்தளம். இக்குடியேற்றத்தை நிலைபெறச் செய்த பூரோ-தெலாந்து, புதுச்சேரியை உருவாக்கிய பிரான்சுவா மர்த்தேனின் மருமகன் ஆவார். இரு நகரங்களும் தொடக்கத்திலேயே உறவு கொண்டவை.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர்லேயான் கோட்டை எழுந்தது. 1731 முதல் 1741 வரை இங்கு தலைமை நிர்வாகியாக இருந்தவர், பின்னாளில் புதுச்சேரி ஆளுநராகப் புகழ்பெற்ற துய்ப்ளே. அவருடைய காலத்தில் கடல் வணிகம் பெருகியது. ஆற்றங்கரையில் செங்கல் மாளிகைகள் உயர்ந்தன. கம்பெனியின் திவானாக இருந்த இந்திரநாராயண் சௌத்ரி கட்டிய நந்ததுலால் கோயில், 1740ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளூர் வணிகர்களின் செல்வமும் பிரெஞ்சு வணிகமும் கைகோத்து வளர்ந்ததற்கு அக்கோயில் இன்றும் சான்றாக நிற்கிறது.

வடிகாலா, அகழியா?

1757 மார்ச் 23 அன்று கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் சந்திரநாகூரைக் கைப்பற்றினர். கோட்டை தகர்க்கப்பட்டது. சரியாக மூன்று மாதங்கள் கழித்து, ஜூன் 23 அன்று பிளாசிப் போர் நிகழ்ந்தது. வங்கத்தில் பிரெஞ்சு ஆதரவு நவாபுக்குக் கிடைக்காமற்போனதற்குச் சந்திரநாகூரின் வீழ்ச்சியும் ஒரு காரணம்.

1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி நகர் பிரான்சிடம் திரும்பியது. ஆனால் வங்கத்தில் கோட்டை கட்டவோ படை வைக்கவோ கூடாது என்பது நிபந்தனை. அப்போதைய பிரெஞ்சு நிர்வாகி ஷெவாலியே, 1769ஆம் ஆண்டில் நகரைச் சுற்றி அகலமான பள்ளம் ஒன்றை வெட்டச் செய்தார். மழைநீர் வடிவதற்கான கால்வாய் என்று பிரெஞ்சுத் தரப்பு விளக்கியது. அது கோட்டைக்குரிய அகழியே என்று கருதிய கல்கத்தா ஆங்கிலேய நிர்வாகம், ஆட்களை அனுப்பி அதைச் சிதைத்தது.

அதன் பின்னரும் ஆங்கிலேயர் இருமுறை நகரைக் கைப்பற்றினர். 1816ஆம் ஆண்டில் இறுதியாகப் பிரான்சிடம் ஒப்படைத்தபோது, மதிலோ படையோ இல்லாத சிறு நிலத்துண்டாகவே அது எஞ்சியது. பிரெஞ்சுப் பகுதிகளில் உற்பத்தியாகும் உப்பை வாங்கும் தனியுரிமைக்காக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் வழங்குவது, ஆண்டுக்கு 300 பெட்டி அபினியைப் பிரெஞ்சுக்காரர் வாங்கிக்கொள்ள அனுமதிப்பது என, 1815ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் ஏற்றிருந்தனர். நான்கு புறமும் ஆங்கிலேய ஆட்சி சூழ்ந்த நிலையில், வணிகத் துறைமுகம் என்ற சிறப்பைக் கல்கத்தாவிடம் சந்திரநாகூர் இழந்துவிட்டது.

நகர அமைப்பு

நகரின் முகம் ஆற்றை நோக்கியது. ஸ்ட்ராண்டு எனப்படும் கரையோர நடைபாதை சுமார் ஒரு கி.மீ. நீளம் கொண்டது. துய்ப்ளேயின் பெயரால் அறியப்பட்ட, இன்று அருங்காட்சியகமும் பிரெஞ்சு மொழி வகுப்புகளும் இயங்கும் மாளிகை அதன் ஓரத்திலேயே உள்ளது. நடைபாதையின் படித்துறை மண்டபம், பிரான்சின் உயரிய லெஜியோன் தொனேர் விருது பெற்ற வணிகர் துர்காசரண் ரக்ஷித்தின் நினைவாக எழுப்பப்பட்டது. 1884ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட திருஇருதய ஆலயம் சற்று உள்ளே தள்ளி நிற்கிறது. கரையின் தெற்கே, கீழ்த்தளம் ஆற்றுநீரை ஒட்டி அமைந்த 'பாதாள வீடு' உள்ளது. இரவீந்திரநாத் தாகூர் தங்கிய இல்லங்களுள் அதுவும் ஒன்று.

புதுச்சேரியில் கால்வாய் ஒன்று வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரித்தது போன்ற கூர்மையான கோடு இங்கு இல்லை. கரையோரத்தில் அதிகாரிகளின் கட்டடங்கள், அதற்கு மேற்கே இலட்சுமிகஞ்ச் சந்தையும் வங்காள வணிகர் வீதிகளும், அதற்கும் அப்பால் கிராமப் பகுதிகள் என ஆற்றிலிருந்து மேற்கு நோக்கி நகர் விரிந்தது. வங்காள வணிகர்களின் மாளிகைகளில் பிரெஞ்சுத் தூண்களும், நடுமுற்றமும், பூஜை மண்டபமும் ஒருங்கே காணப்படுகின்றன.

கிராண்ட் டிரங்க் சாலை நகரை வடக்குத் தெற்காக ஊடறுக்கிறது. அச்சாலையில் பழைய எல்லையைக் குறிக்கும் வாயில் தூண்கள் உள்ளன. 1937ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அவற்றில் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்ற பிரெஞ்சுக் குடியரசின் முழக்கம் பொறிக்கப்பட்டுள்ளது. மேற்கே தொடர்வண்டிப் பாதை செல்கிறது. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையே கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது. அத்தொடக்கம் தாமதமானதற்கு, பிரெஞ்சு நிலத்தின் வழியே பாதை அமைப்பது குறித்த தகராறும் ஒரு காரணம்.

குடியேற்ற ஆட்சியின் கோடுகள் நகரை இரண்டாக்குவது பெங்களூரு மக்கள் அறியாததன்று. பழைய பேட்டைக்கும், 1809ஆம் ஆண்டு முதல் வளர்ந்த கண்டோன்மென்ட்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் இருந்தன. அவை 1949ஆம் ஆண்டில்தான் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. அதே ஆண்டில்தான் சந்திரநாகூரும் தன் எல்லைக் கோட்டை நீக்குவதற்கு வாக்களித்தது.

எல்லை தந்த அடைக்கலம்

மதிலில்லாத அந்த எல்லைக்கு வேறொரு பயன் இருந்தது. ஆங்கிலேயக் காவல்துறை அனுமதியின்றி உள்ளே நுழைய இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கப் புரட்சியாளர்களுக்கு இது புகலிடமாயிற்று. இங்கு பிறந்த கனாயிலால் தத்தா 1908ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். துய்ப்ளே பெயரில் இருந்த பள்ளி பின்னர் அவருடைய பெயரைப் பெற்றது. புரட்சியாளர் ராஷ்பிகாரி போஸ் இளமையைக் கழித்த ஊரும் இதுவே.

1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைதாவதைத் தவிர்க்க அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து இங்கு வந்து மறைந்து தங்கினார். அங்கிருந்து புறப்பட்டு 'துய்ப்ளே' என்ற கப்பலில் ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியை அடைந்தார். 1908ஆம் ஆண்டிலேயே பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் பெற்றிருந்தார். ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து மற்றொரு பிரெஞ்சு ஊருக்கு அரவிந்தர் மேற்கொண்ட பயணமே புதுச்சேரியின் பிற்கால முகத்தை மாற்றியது.

அடைக்கலம் எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலில் ஈடுபட்ட சிலர் மறைந்திருந்த வீட்டை, கல்கத்தா காவல் ஆணையர் டெகார்ட் 1930 செப்டம்பரில் எல்லை கடந்து வந்து முற்றுகையிட்டார். அதில் இளைஞர் ஜீபன் கோஷல் உயிரிழந்தார்.

முதலில் விடைபெற்ற ஊர்

நாடு விடுதலை பெற்றபின் சந்திரநாகூர் மக்கள் இணைப்புக் கோரிப் போராடினர். 1947ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்ஸ் இதைத் 'தன்னாட்சி நகர்' என அறிவித்தது. 1949 ஜூன் 19 அன்று பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது. இந்தியாவுடன் இணைய ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். எதிர்த்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேரே.

1950 மே 2 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1951 பிப்ரவரி 2 அன்று பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தானது. 1952 ஜூன் 9 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவடைந்தது. நகரின் எதிர்காலத்தை ஆராய அமர்நாத் ஜா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 1954 அக்டோபர் 2 அன்று சந்திரநாகூர் மேற்கு வங்கத்துடன் இணைந்தது.

அதற்கு 30 நாட்களுக்குப் பின்னரே, 1954 நவம்பர் 1 அன்று, புதுச்சேரி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அவற்றின் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றும், யூனியன் பிரதேசத் தகுதி 1963ஆம் ஆண்டிலும் நடந்தேறின. ஆக, நான்கு ஊர்களும் ஒரே தொகுதியாகப் பேச்சுவார்த்தை நடத்தப்பட்டுத் தனித்தன்மைக்கான உறுதிமொழிகளைப் பெற்றபோது, ஐந்தாவது ஊர் அவற்றை முந்தி அண்டை மாநிலத்தில் கலந்துவிட்டிருந்தது.

இன்றைய நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 1.67 லட்சம் பேர் வாழ்கின்றனர். 1955ஆம் ஆண்டில் இந்நகருக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே மேயர் இருந்த ஊர், இன்றும் மாநகராட்சித் தகுதியைக் கொண்டுள்ளது. ஜகத்தாத்ரி பூஜையின் மின்னொளி அலங்காரமும், சர்க்கரைப்பாகு உள்ளே நிறைந்த ஜல்பரா சந்தேஷ் இனிப்பும் வங்கமெங்கும் புகழ்பெற்றவை. நாள்தோறும் புறநகர்த் தொடர்வண்டியில் கொல்கத்தாவுக்குச் சென்று திரும்புவோரின் ஊர் என்பதே அதன் அன்றாட அடையாளம்.

பழைய கட்டடங்களின் நிலை கவலைக்குரியது. ஆற்றங்கரையிலுள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவாளர் அலுவலகக் கட்டடம் நெடுங்காலம் கூரையிழந்து, மரவேர்கள் பிடித்துக் கிடந்தது. பங்காளிகள் பலருக்கு உரிமையான மாளிகைகளைப் பராமரிப்பதைவிட இடித்து அடுக்குமாடி கட்டுவது எளிதாக உள்ளது. புதுச்சேரியில் தலைநகர் என்ற தகுதியும் சுற்றுலா வருவாயும் பழைய வீதிகளைக் காக்கக் காரணங்களாயின. தலைநகராக இல்லாத புறநகருக்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை. முதலில் இணைந்த மக்களின் முடிவு சரியானதே என்பதில் அந்நகரில் ஐயம் இல்லை. எனினும் அவர்கள் எல்லையை நீக்க வாக்களித்தார்களே தவிர, எல்லைக்குள் இருந்த வரலாற்றை நீக்க வாக்களிக்கவில்லை. அதைக் காக்கும் பொறுப்பு, இன்று மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் உரியது.