காகபோ ராசியிலிருந்து திரும்பிய இருவர்

மியான்மரின் யாங்கோன் ஒரு சமவெளி நகரம். ஷ்வேடகோன் பகோடா நிற்கும் சிங்குத்தரக் குன்றுதான் அங்கே கண்ணுக்குத் தெரியும் உயரம். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான காகபோ ராசியோ வடகோடியில், கச்சின் மாநிலத்தில், ஏறக்குறைய 5,880 மீட்டர் ஓங்கி நிற்கிறது. சிகரம் தொடாமல் அங்கிருந்து திரும்பிய இருவரை ஒப்பிட்டால் விடாமுயற்சியின் இரண்டு வகைகள் தெரியும்.

ஒருவர் ஜப்பானின் தகாஷி ஒசாகி. 1980இல் எவரெஸ்டின் வடக்கு முகத்தை அடி முதல் முடி வரை முதன்முதலில் ஏறிய இருவரில் ஒருவர். அவரையே 1995இல் காகபோ ராசியின் மோசமான வானிலை இறங்க வைத்தது. அந்த மலையடிவாரத்தை அடையவே மழைக்காட்டில் வாரக்கணக்கில் நடக்க வேண்டும். அத்தனையையும் மறுபடி நடந்தார். 1996 செப்டம்பரில், உள்ளூர்க்காரர் நியிமா கியால்ட்சனோடு, அதுவரை எவரும் தொடாத சிகரத்தில் நின்றார்.

மற்றவர் அமெரிக்கப் பாறையேறி எமிலி ஹாரிங்டன். 2014இல் ஹிலாரி ஓ'நீல் தலைமையில் வந்த குழுவில் இருந்தார். கடைசி முயற்சிக்கு மூவர் மட்டுமே கிளம்ப, ஹாரிங்டன் மேல்முகாமில் தங்கினார். போனவர்களும் சிகரம் எட்டாமல் திரும்பினர். ஹாரிங்டனின் பிடிவாதம் வேறிடத்தில் வேர்விட்டது. கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டன் என்ற 900 மீட்டர் செங்குத்துப் பாறையில், ‘கோல்டன் கேட்’ வழியை 2015இல் ஆறு நாளில் ஏறினார். அதையே ஒரே நாளில் முடிக்க முயன்று, 2019இல் விழுந்து மருத்துவமனை சேர்ந்தார். 2020 நவம்பரில், ஏறும்போது நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தும், 24 மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். அந்த வழியில் அதைச் சாதித்த முதல் பெண் அவர்.

ஒசாகியைத் தடுத்தது வானிலை, பொறுத்திருந்து வென்றார். எல் கேப்பிட்டனில் ஹாரிங்டனைத் தடுத்தது ஒரு வீழ்ச்சி. மறுபடி முயன்று அதைத் தாண்டினார். வழிகள் வேறானாலும், காகபோ ராசியில் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கியதால்தான் இருவருக்கும் அடுத்த முயற்சி வாய்த்தது. ஹாரிங்டன் வந்த அதே 2014இல், ஆகஸ்டில் காகபோ ராசிக்குப் போன இரண்டு மியான்மர் இளைஞர்கள் திரும்பவே இல்லை. அவர்களிடம் துணிவு குறைவில்லை. மலை இரண்டாவது வாய்ப்புத் தரவில்லை.

யாங்கோனிலிருந்து பா-ஆன் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் போய் ஏறப் பழகும் பிள்ளைகளுக்கு, ஏறும் வித்தையோடு இறங்கும் முடிவையும் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும். உயிரோடு திரும்பியவருக்கே விடாமுயற்சி சாத்தியம்.