யூதாசு: ஒரு பழி வளர்ந்த வரலாறு

கிறித்தவ மறைநூல்களைக் காலமுறையில் நிறுத்தி நோக்கின், யூதாசின் பழி படிப்படியாக வளர்ந்தமை புலனாகும். கி. பி. 54-ஐ ஒட்டிப் பவுல் வரைந்த கொரிந்தியர் முதல் திருமுகம் இயேசு ஒப்படைக்கப்பட்ட இரவைச் சுட்டுகின்றது; ஒப்படைத்தவன் பெயரைச் சுட்டவில்லை. ஏறத்தாழக் கி. பி. 70-இல் தோன்றிய மாற்கு நற்செய்தி யூதாசின் செயலைக் கூறினும் அதன் காரணத்தைக் கூறவில்லை; அங்குப் பணம் தர முன்வருவோர் குருமாரே. மத்தேயுவிலோ அவனே விலை கேட்டு 30 வெள்ளிக்காசு பெறுகின்றான். எனினும், அவன் கழிவிரக்கங்கொண்டு நான்று மாண்டமையும் அந்நூலிலேயே உளது. லூக்காவில் சாத்தான் அவனுள் புகுகின்றான். முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த யோவான் நற்செய்தி அவனைப் பணப்பையினின்று களவாடிய கள்வன் என்கின்றது.

இவ்வளர்ச்சியைத் தமிழ் பயில்வோர் உணர்தல் அரிது. பவுல் ஆண்ட 'பரதிதோமி' என்னும் கிரேக்க வினைக்கு ஒப்படைத்தல் என்பதே அடிப்படைப் பொருள். உரோமர் திருமுகத்தில் (8:32) இறைவன் தம் மகனை அளித்தமைக்கும் அவர் அவ்வினையையே ஆள்கின்றார். சீர்திருத்தத் திருச்சபையாரிடை வழங்கும் தமிழ் விவிலியமோ அங்கு 'ஒப்புக்கொடுத்தல்' என்றும், கொரிந்தியரில் 'காட்டிக்கொடுத்தல்' என்றும் இருவேறு சொற்களைப் பெய்கின்றது. ஆகவே, பின்னூல்கள் சுமத்திய பழி முன்னூலிலும் ஏறிவிடுகின்றது. மூலச்சொல்லை நோக்காது ஒருவன்மீது தீர்ப்புரைத்தல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.