ரயில்ல போகும்போது போன் கீழே விழுந்துடுச்சா? உடனே கம்பத்தைப் பாருங்க!

ஓடுற ரயில்ல ஜன்னலோரம் போன் பேசிட்டிருக்கீங்க. சட்டுனு கை நழுவி போன் வெளியே விழுந்துடுது. என்ன செய்வீங்க?

ரயில் ரசிகர்கள் முதலில் பார்ப்பது, தண்டவாளத்தையொட்டி நிற்கும் மின்கம்பத்தைத்தான். ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் எண் இருக்கும். மேலே 214, கீழே 7 என்றிருந்தால், 214-வது கிலோமீட்டரில் 7-ம் எண் கம்பம் என்று அர்த்தம். இரட்டைப் பாதை என்றால், ஒரு பாதைக்கு ஒற்றைப்படை எண், இன்னொன்றுக்கு இரட்டைப்படை எண். இரண்டு கம்பங்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர்தான். அதனால், தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

தாமதிக்காதீங்க. 100 கி.மீ வேகத்தில் போகும் ரயில், ஒரே நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எண்ணைக் குறித்துக்கொண்டு, ரயில்வே உதவி எண் 139-க்கு வேறொருவர் போனிலிருந்து அழையுங்கள். இதே எண் வேறு வழித்தடத்திலும் இருக்கலாம். எனவே, ரயில் எண், கடைசியாகக் கடந்த ஸ்டேஷன் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போனுக்காக அபாயச் சங்கிலியை இழுக்காதீங்க. அது தண்டனைக்குரிய குற்றம். ஆனால், விழுந்தது ஒரு மனிதர் என்றால், யோசிக்காமல் இழுங்க. அப்போதும் மறக்காம கம்பத்தைப் பாருங்க. அந்த எண் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்!