நிமிடத்துக்கு நூறு மீட்டர்

1,500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 15 நிமிடத்துக்குள் முடிப்பது அவ்வளவு கஷ்டமா என்று என்னிடம் நீச்சல் பழகும் பிள்ளைகள் கேட்பதுண்டு. கணக்கைச் சொல்லிவிடுவேன்: 50 மீட்டர் குளத்தின் நீளத்தை 30 முறை கடக்கணும், ஒவ்வொரு முறையும் 30 விநாடியில். நன்றாகப் பழகியவர்கள் முதல் ஒன்றிரண்டை நீந்திவிடுவார்கள். பிறகு தோள் கெஞ்சும்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஹென்றி டெய்லர் தங்கம் வென்றது 22 நிமிடம் 48.4 விநாடியில். 1976 மாண்ட்ரியலில் அமெரிக்காவின் பிரையன் குடெல் 15 நிமிடம் 2.40 விநாடிக்கு வந்துவிட்டார். அந்தப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த லெனின்கிராட் பையனுக்கு வயது 16. பெயர் விளாதிமிர் சல்னிகோவ்.

1980 ஜூலை 22 அன்று மாஸ்கோவில் 14 நிமிடம் 58.27 விநாடியில் அவர் சுவரைத் தொட்டார். 15 நிமிடத்துக்குள் வந்த முதல் மனிதர். அமெரிக்கா புறக்கணித்ததால் குடெல் அங்கே இல்லை. அதைச் சொல்லி இந்தச் சாதனையை மட்டம் தட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. ஓடியது அதே கடிகாரம்தானே.

1984-இல் சோவியத் நாடு புறக்கணிக்க, சல்னிகோவுக்கு ஒலிம்பிக் வாய்ப்பே போனது. காலம் முடிந்தது என்றார்கள். 1988 சியோலில், 28 வயதில், 15 நிமிடம் 0.40 விநாடியில் நீந்தி மறுபடி தங்கம் வென்றார்.